சோலார் பேனலுக்கு அடியில் அணில் குடியேறாமல் தடுப்பது எப்படி? ட்ரஸ் கூரை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம், அருமனை, களியக்காவிளை வரைக்கும், மொட்டை மாடியை மொட்டையாகவே விட்டுவைத்தவர்கள் குறைவு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மண் என்பதால் மாடிக்கு மேலே ட்ரஸ், அதாவது இரும்புச் சட்டகம், அடித்து ஷீட் போட்டுவிடுகிறோம். 2024-இல் வீட்டுக்கூரை சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றானதும் அந்த ஷீட்டின் மேலேயே பேனல்களும் ஏறின. ஷீட்டுக்கும் பேனலுக்கும் நடுவில் நான்கைந்து அங்குல இடைவெளி. அங்கே நிழல் உண்டு, மழை அதிகம் படாது, பருந்தும் பூனையும் எளிதில் நுழைய முடியாது. கூரையைத் தொட்டுக்கொண்டு தென்னை, அயனி, பலா. அணிலுக்கு வேறென்ன வேண்டும்?

அணில் வயரைத் தேடி அங்கே வருவதில்லை. இடத்தைத் தேடித்தான் வருகிறது. வந்து தங்கிய பிறகு, ஓயாமல் வளரும் முன்பற்களைத் தேய்க்க எதையாவது கடித்தாக வேண்டும். பக்கத்தில் கிடைப்பது வயர். ஆகவே வயருக்கு மருந்து தடவுவதும் அணிலை விரட்டுவதும் பாதி வேலைகூட இல்லை. அந்த இடைவெளியை அடைப்பதுதான் வேலை. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. வரிசையை மாற்றினால், கடிபட்ட வயரையும் உயிருள்ள குட்டிகளையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டியதாக ஆகிவிடும்.

முதலில், வந்திருப்பது யார்?

பகலில் சத்தம் கேட்டால் அணில். ராத்திரி ஓடினால் எலி. ராத்திரியில் கனமாகத் தடதடவென்று நடந்தால் மரநாய். அது பேனல் இடைவெளியை விட வீட்டு மச்சைத்தான் விரும்பும். நம் வீடுகளுக்கு வருவது முதுகில் மூன்று கோடு உள்ள சாதாரண அணில். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்துக் காடுகளில் இருக்கும் பெரிய மலை அணில் மர உச்சியை விட்டு இறங்குவதே அபூர்வம். அது கூரையில் தென்பட்டாலும் கை வைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது அது.

கூரை ஓரத்தில் நின்று பேனலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிய்த்த கதம்பை (தேங்காய் மட்டை) நார், பழந்துணி, பஞ்சு, காய்ந்த புல் எல்லாம் உருண்டையாகக் கிடந்தால் கூடு. பாதி தின்ற கொய்யா, சாம்பக்காய், அயனிக்கொட்டை கிடந்தால் சாப்பாட்டு இடம். வயரின் கறுப்பு உறையில் பக்கத்துப் பக்கமாக இரட்டைக் கீறல் தெரிந்தால் பல் பட்டாயிற்று.

இரண்டாவது, வயரைச் சோதிப்பது

இங்கே அவசரப்படக் கூடாது. பேனலில் வெளிச்சம் படும் வரைக்கும் அதில் மின்சாரம் இருக்கும். பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரைக் கீழே அணைத்தாலும், பேனல் வயரைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டரைத் திருப்பினாலும், பேனலிலிருந்து அந்த ஐசொலேட்டர் வரை வரும் வயரில் மின்னழுத்தம் அப்படியே நிற்கும். 540 வாட் பேனல் ஒன்று எதிலும் இணைக்காத திறந்த நிலையில் ஏறக்குறைய 49 வோல்ட் காட்டும். 3 கிலோவாட்டுக்கு அப்படி ஆறு பேனலை வரிசையாக இணைத்தால் 290 வோல்ட்டுக்கு மேல். வீட்டு பிளக்கில் வருவதைவிட அதிகம். அதோடு இது டிசி, அதாவது நேர்மின்சாரம். நம் வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால், எங்காவது தீப்பொறி கிளம்பினாலும் அணைய வாய்ப்பு உண்டு. டிசி பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. கிளம்பிய பொறி நின்று எரியும். பக்கத்தில் காய்ந்த கதம்பை நாரும் ரப்பர் இலையும் குவிந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதனால் நீங்கள் செய்யக்கூடியது கண்ணால் பார்ப்பதும் இன்வெர்ட்டரைப் படிப்பதும் மட்டுமே. வயரையோ பேனல் சட்டத்தையோ தொட வேண்டாம். எர்த் கம்பி எங்காவது விட்டிருந்தால் சட்டத்திலேயே மின்சாரம் ஏறி நிற்கலாம்.

இன்வெர்ட்டர் தினமும் காலையில் மின்வாரிய லைனான கிரிட்டோடு சேருவதற்கு முன், வயர்களின் காப்பு, அதாவது மின்சாரம் கசியாமல் தடுக்கும் உறை, சரியாக இருக்கிறதா என்று தானே ஒரு சோதனை செய்துகொள்ளும். உறை கடிபட்டிருந்தால் வெயில் நாளில் ஒன்றும் தெரியாது. இரவு மழை பெய்த மறுநாள் காலையிலோ, பனி விழுந்த காலையிலோ ஈரம் அந்தக் கீறல் வழியே சட்டத்துக்குப் பாலம் போடும். அப்போது இன்வெர்ட்டர் காப்பு குறைவு என்று பிழை காட்டி நின்றுவிடும். சில மாடல்களில் ஐசோ ஃபால்ட் என்று வரும். பத்து மணி வெயிலில் ஈரம் காய்ந்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஓடத் தொடங்கும். பலரும் இதைப் பார்த்துவிட்டு, மழைக்காலத்தில் இப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. ஈரக் காலையில் மட்டும் தாமதமாக எழுகிற இன்வெர்ட்டர், எங்கோ வயர் கடிபட்டிருக்கிறது என்று சொல்கிறது. போனில் உள்ள ஆப்பில் பழைய நாட்களின் உற்பத்திக் கோட்டைப் புரட்டிப் பாருங்கள்; மழைக்கு மறுநாள்களில் தொடக்க நேரம் தள்ளிப் போயிருக்கிறதா என்பது அதில் தெரியும்.

சந்தேகம் வந்தால் பேனல் பொருத்தியவர்களைக் கூப்பிடுங்கள். மானியத் திட்டத்தில் போட்டிருந்தால் 5 ஆண்டுப் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. வருகிறவர் காப்பை அளக்கும் கருவியான மெக்கர் வைத்து ஒவ்வொரு வரிசையின் காப்பையும் அளக்கட்டும். கடிபட்ட இடத்தில் கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போக விடாதீர்கள். ஷீட் மேல் அடிக்கும் சூட்டில் அந்த டேப்பின் பசை உருகிக் கழன்றுவிடும். வயரையே மாற்ற வேண்டும். அல்லது கெட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டு, இரு முனையிலும் சோலார் வயருக்கென்றே உள்ள எம்.சி.4 கனெக்டர் போட வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே நிறுவனத்தின் கனெக்டராக இருக்கட்டும். வேறு வேறு நிறுவனத்தின் கனெக்டர்களைக் கோத்தால் பிடிப்பு சரியாக அமையாமல் அந்த இடம் சூடாகும். ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. முதலில் ஏசி பிரேக்கர், பிறகு டிசி ஐசொலேட்டர், அதற்கப்புறம் கூரை.

பழுது பார்க்கும்போதே தொங்கும் வயர்களைத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். ஷீட்டில் உரசிக்கொண்டு கிடக்கும் வயர்தான் முதலில் கடிபடும். வயர் கட்டும் சாதாரண வெள்ளை நைலான் டை வெயிலில் சீக்கிரமே நொறுங்கும். புற ஊதா தாங்கும் கறுப்பு டை அல்லது ஸ்டீல் டை போடுங்கள். பேனலை விட்டு வெளியே ஓடும் பகுதிக்கு இரும்பு ஃப்ளெக்சிபிள் பைப் நல்லது. பிவிசி பைப்பை அணில் பொருட்படுத்தாது. இரும்பு பைப்பின் வெட்டு முனையில் புஷ் (கூர்முனையை மூடும் வளையம்) போட மறந்தால், அணில் செய்ய வேண்டிய வேலையை அந்த முனையே செய்துவிடும். பைப்புக்கு எர்த்தும் வேண்டும்.

மூன்றாவது, உள்ளே குட்டி இருக்கிறதா?

அணில் ஒரு ஈட்டில் இரண்டு மூன்று குட்டி போடும். பால் மறக்கச் சுமார் 10 வாரம் ஆகும். தாய் பகலெல்லாம் வெளியே சுற்றும், இரவில் கூட்டில் இருக்கும். பேனலில் வெளிச்சம் குறைவதால் மின்வேலைக்கு அந்திப்பொழுது நல்லது, அணிலை வெளியே வைத்து அடைக்கப் பகல்பொழுது நல்லது என்று இரண்டும் எதிரெதிராக நிற்பது இங்கேதான். இதற்கு வழி, ஒரே நாளில் அடைத்து முடிக்க நினைக்காமல் இருப்பது.

கூட்டில் கண் திறக்காத குட்டிகள் இருந்து, வயரும் நன்றாக இருந்தால், காத்திருப்பதுதான் மேல். இரண்டு, இரண்டரை மாதம் பெரிய நேரம் அல்ல. வயர் கடிபட்டிருந்தால் காத்திருக்க முடியாது. அப்போது வேலைக்கு வருகிறவரிடம் சொல்லி, கூட்டை நார் கலையாமல் அப்படியே ஒரு அட்டைப்பெட்டியில் இறக்கி, அதே கூரையின் நிழலான ஓரத்தில் பூனை எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு இடம் போக வாய்ப்பு உண்டு. அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும் என்பதால் காலையிலேயே இதைச் செய்யுங்கள். ஆள் யாரும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காமல் இருந்தால் போதும்.

குட்டி இல்லை, பெரியவை மட்டும் வந்து போகின்றன என்றால் எளிது. மூன்று பக்கத்தை வலையால் அடைத்துவிட்டு, நாலாவது பக்கத்தில் ஒரு அடி வழி மட்டும் விடுங்கள். அந்த வழியில் பழைய செய்தித்தாளைத் தளர்வாகச் சுருட்டி அடையுங்கள். உள்ளே ஆள் இருந்தால் தாளைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வெளியே இருப்பது உள்ளே போகவும் தள்ளும். மழை இல்லாத இரண்டு பகலும் இரண்டு இரவும் தாள் அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. அதற்குப் பிறகு அந்த ஒரு அடியையும் மூடலாம்.

நான்காவது, வலை

ஹார்ட்வேர் கடையில் வெல்டு மெஷ் என்று கேளுங்கள். கண் அரை அங்குலம், அதாவது 12 மி.மீ. ஒரு அங்குலக் கண் மலிவாகக் கிடைக்கும், ஆனால் குட்டி அணிலும் சுண்டெலியும் அதில் தலையை நுழைத்துப் பார்க்கும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை மேலே பிவிசி பூச்சோடு இருந்தால் நல்லது. குளச்சல், தேங்காப்பட்டணம் போலக் கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் உப்புக்காற்று ஜிஐயைச் சீக்கிரம் தின்றுவிடும். அங்கே காசு கூடினாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். கோழிக்கூட்டுக்குப் போடும் அறுகோண வலை வேண்டாம். அது வளையும், பிரியும். பிளாஸ்டிக் வலை என்றால் அணில் ஒரு மதியத்தில் வேலையை முடித்துவிடும்.

தகடு வைத்து முழுதாக மூடிவிடலாமே என்று வெல்டர்கள் யோசனை சொல்வதுண்டு. கேட்காதீர்கள். பேனல் சூடாகச் சூடாக உற்பத்தி குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம். அடியில் காற்று ஓடத்தான் அந்த இடைவெளி விடப்பட்டிருக்கிறது. வலை போட்டால் காற்று போகும், தகடு போட்டால் நிற்கும்.

எவ்வளவு வாங்குவது? 540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 2.28 மீட்டர் உயரம், 1.13 மீட்டர் அகலம். ஆறு பேனலை ஒரே வரிசையாக நிறுத்தியிருந்தால் நீளம் சுமார் 6.9 மீட்டர். சுற்றளவு 18.4 மீட்டர், அடியில் சொன்னால் 60. இடைவெளி நான்கைந்து அங்குலம் என்றால் வலைப் பட்டை 8 அங்குலம் வேண்டும். அடியில் மடிக்க மிச்சம் தேவை. 4 அடி அகல வலையில் 12 அடி நீளம் வாங்கினால், 8 அங்குலப் பட்டை ஆறு கிடைக்கும். மொத்தம் 72 அடி. மூலைகளில் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றவும் போதும். ஒன்றரை அடிக்கு ஒன்று என்று கணக்கிட்டால் கிளிப் நாற்பது, நாற்பத்தைந்து ஆகும்.

கிளிப் என்பது பேனல் சட்டத்தின் அடி உதட்டில் மாட்டிக்கொண்டு, வலையின் கண் வழியே வெளியே நீளும் கம்பி. வெளியிலிருந்து ஒரு வட்டத் தகட்டை அதில் தள்ளி இறுக்கிவிட்டு, மிச்சக் கம்பியை வெட்டிவிட வேண்டும். சோலார் பேனல் பறவை வலை கிளிப் என்று ஆன்லைனில் தேடினால் கிடைக்கும். பேனல் சட்டத்தில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். பேனலின் வாரண்டி அதோடு போகலாம். ஷீட்டிலும் துளை வேண்டாம், மழைக்காலத்தில் ஒழுகும். கிளிப் மாட்டுவது வாரண்டியைப் பாதிக்காது என்று பொருத்தியவர்களிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குவது புத்திசாலித்தனம். வாட்ஸப்பில் வந்தாலும் போதும்.

மாட்டும் முறை இது. அடியில் இருக்கும் நாரையும் இலையையும் நீளக் குச்சித் துடைப்பத்தால் முழுக்க இழுத்து வெளியே எடுங்கள். பட்டையின் அடியில் 2 அங்குலத்தை வெளிப்பக்கமாக எல் வடிவில் மடியுங்கள். உள்பக்கமாக மடித்தால் அணில் மூக்கால் முட்டித் தூக்கிவிடும். வெளிப்பக்கம் மடித்தால் அது நிற்கும் இடமே மடிப்பின் மேல்தான், தன் கனத்தாலேயே வலையை அழுத்திக்கொள்ளும். ட்ரஸ் ஷீட்டில் மேடும் பள்ளமுமாக வரி இருக்கும். அந்தப் பள்ளங்கள்தான் வாசல். நேரான வலையை வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு அங்குலம் திறந்து கிடக்கும். மடித்த பகுதியை வரிக்கு ஏற்றபடி கத்தரித்து, பள்ளத்துக்குள் இறங்குமாறு விரலால் அழுத்திவிடுங்கள். பொறுமை வேண்டிய வேலை இது ஒன்றுதான், பெரும்பாலும் சொதப்புவதும் இதுதான். கூலிக்கு ஆள் விட்டால், முடிந்த பிறகு நீங்களே குனிந்து பாருங்கள். உங்கள் கட்டைவிரல் நுழையும் சந்து இருக்கக் கூடாது.

மூலையில் இரண்டு பட்டையும் கால் அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். ஜிஐ கட்டுக்கம்பியால் முடிச்சுப் போடுங்கள். செம்புக் கம்பி கூடாது, அது அலுமினியச் சட்டத்தை அரிக்கும். வலையின் வெட்டு முனைகள் வயரில் படாமல் பாருங்கள். வலை பேனலின் மேல்பரப்புக்கு மேலே ஒரு சென்டிமீட்டர்கூட எழும்ப வேண்டாம், நிழல் விழும்.

ஷீட்டில் நடப்பவர் ட்ரஸ் கம்பி ஓடும் வரியில், ஸ்க்ரூ தெரியும் இடத்தில்தான் கால் வைக்க வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நேராக அதன் மேல் கால் வைக்கவே வேண்டாம், பலகை போட்டுத்தான் போக வேண்டும். இடுப்பில் கயிறு, காலில் நல்ல பிடிப்புள்ள செருப்பு, ஈரமில்லாத நாள். பேனல் மேல் யாரும் ஏற வேண்டாம். கண்ணாடி உடையாவிட்டாலும் உள்ளே செல்களில் மயிரிழை விரிசல் விழும்.

ஐந்தாவது, ஏறும் வழிகள்

வலை சரியாக அமைந்தால் இது இரண்டாம்பட்சம்தான். ஆனாலும் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை எட்டடி தள்ளி வெட்டுங்கள். நம் சின்ன அணில் அவ்வளவு தூரம் தாவாது என்றாலும் காற்றில் கிளை ஆடும். கிளையை வெட்டினால் பேனலுக்கு வெயிலும் கூடும், இலையும் குறையும். தனியாக நிற்கும் தென்னைக்கு, தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் அகலத் தகரம் சுற்றுவது எலிக்குச் செய்யும் பழைய வழி, அணிலுக்கும் உதவும். மட்டை பக்கத்து மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் பிரயோசனம் இல்லை. கேபிள் டிவி வயர், மழைநீர்க் குழாய், இடிதாங்கியிலிருந்து இறங்கும் பட்டை ஆகியவையும் ஏணிகள்தாம். இடிதாங்கிப் பட்டையில் மட்டும் எதையும் சுற்றவோ தடவவோ வேண்டாம்.

மாடியில் உயரமாகக் கால் நட்டுப் போட்டவர்களுக்கு

எட்டடி உயர ஸ்ட்ரக்சரில் வலைப் பாவாடை கட்ட முடியாது, தேவையும் இல்லை. அங்கே அணில் தங்குவது பேனலைத் தாங்கும் சி-சேனலின் குழிவிலும், திறந்த சதுரப் பைப்பின் வாயிலும். பைப் முனைகளுக்கு மூடி போடுங்கள், குளவியும் வராது. சேனலுக்குள் ஓடும் வயரை இரும்பு பைப்புக்குள் கொண்டுபோங்கள். டிசி பெட்டியிலும் இன்வெர்ட்டரிலும் வயர் நுழையும் துளைகளுக்குச் சரியான அளவு கிளாண்ட் (வயரைச் சுற்றித் துளையை அடைக்கும் மூடி) போடுங்கள். அவ்வளவுதான்.

காசைக் கரியாக்கும் வழிகள்

மிளகாய்க் கரைசல் கடிப்பதைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் நம் ஊர் மழை ஒன்று போதும், கழுவிக்கொண்டு போய்விடும். ஒலி எழுப்பும் கருவிக்கும் பிளாஸ்டிக் ஆந்தைக்கும் கொஞ்ச நாளிலேயே பழகிவிடும். அந்துருண்டை நச்சுப்புகை விடும் பொருள், சூட்டில் தீப்பிடிக்கவும் செய்யும். மின்வயருக்குப் பக்கத்தில் அதை வைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பொறி வைத்துப் பிடித்துத் தூரத்தில் விட்டாலும் காலியான இடத்துக்கு அடுத்த அணில் வரும், தோப்பில் அணிலுக்கு என்ன பஞ்சம்?

விஷம் வேண்டவே வேண்டாம். பாவ புண்ணியத்தை விடுங்கள். விஷம் தின்ற அணில் பேனலுக்கு அடியில், கை எட்டாத நடுப்பகுதியில்தான் போய்ச் செத்துக் கிடக்கும். அதைத் தின்னும் பூனையும் கூகையும் சேர்ந்து போகும். கூகை போனால் எலி பெருகும்.

பிறகு பார்க்க வேண்டியவை

ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்து வீடுகளில் டிசம்பர் தொடங்கி பிப்ரவரி வரை இலை கொட்டும். அது வலையின் மேல்பக்கத்து விளிம்பில் அணை போலச் சேரும். மழைநீர் வழியாமல் தேங்கும், காற்றும் அடைபடும். பேனல் கழுவும்போதெல்லாம் வலையோரத்தையும் பெருக்கிவிடுங்கள். ஜூன் மழைக்கு முன் ஒருமுறை, அக்டோபர் மழைக்கு முன் ஒருமுறை, தளர்ந்த கிளிப் இருக்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். மழைக்கு மறுநாள் காலை இன்வெர்ட்டர் எத்தனை மணிக்கு எழுகிறது என்பதையும் ஒரு கண் பார்த்து வையுங்கள்.

இனிமேல்தான் சோலார் போடப் போகிறீர்கள் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். கொட்டேஷனிலேயே அரை அங்குல வலையையும், ஷீட்டைத் தொடாமல் வயர் கட்டுவதையும் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். பேனல் ஏற்றும் அன்றே வலை மாட்டினால் கூடும் இல்லை, குட்டியும் இல்லை. கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் மேலே ஏறி, அந்தக் கட்டைவிரல் சோதனையை நீங்களே செய்துவிடுங்கள்.